கோடிட்ட இடத்தில் விட்டுப்போனது எது?

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. மேலே ஊராட்சிகளுக்கு ‘நாடு’ என்று பெயர்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, எடப்புளி நாடு. அரசு ஆவணங்களில் ‘மலையாளி’ என்று குறிக்கப்படும் இந்தப் பழங்குடி மக்களின் தாய்மொழி தமிழ்தான். வீட்டிலும் காட்டிலும் சந்தையிலும் தமிழ். ஆங்கிலம் பெரும்பாலும் பாடப்புத்தகத்துக்குள் இருக்கும் மொழி. அந்த மொழியோடு பிள்ளைகள் நேருக்கு நேர் மோதும் இடம் ஒரு சின்னக் கோடு. “கோடிட்ட இடத்தை நிரப்புக.”

“ஷீ இஸ் அஃப்ரெய்ட் ____ டாக்ஸ்” என்று ஒரு வினா வருகிறது. எடப்புளி நாட்டுப் பிள்ளை ஒருத்தி அந்தக் கோட்டில் ‘டு’ என்று எழுதினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாய்க்குப் பயப்படுகிறாள் என்றுதானே தமிழில் சொல்கிறோம்? ‘கு’ வருகிற இடத்தில் பெரும்பாலும் ‘டு’ வரும் என்பதையும் அவள் வகுப்பில்தான் கற்றாள். விடைக்குறிப்பு ‘ஆஃப்’ என்கிறது. மதிப்பெண் பூஜ்யம். யார் எதற்குப் பயப்படுகிறார் என்பதில் அவளுக்கு எள்ளளவும் குழப்பமில்லை. பொருள் முழுதாகக் கைக்கு வந்துவிட்டது, சொல் வரவில்லை. அப்படியானால் அந்தக் கோட்டில் விட்டுப்போயிருந்தது எது? சொல்லா, பொருளா?

ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் மீமாம்சகர்கள் என்ற தத்துவப் பிரிவினர் இதே கேள்வியில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த வினாத்தாள் வேதம்.

மீமாம்சையின் அடிப்படை நம்பிக்கை, வேதத்தை யாரும் இயற்றவில்லை என்பது. கடவுளும்கூட இயற்றவில்லை. அதனால் ஒரு வாக்கியம் அரைகுறையாக நின்றால், “என்ன சொல்ல வந்தீர்கள்?” என்று போய்க் கேட்க ஆளில்லை. ஆனால் அரைகுறை வாக்கியங்கள் வேதத்தில் ஏராளம். புகழ்பெற்ற ஒன்று விசுவஜித் யாகம் பற்றியது. விசுவஜித் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. செய்பவன் தன் உடைமை அனைத்தையும் தட்சிணையாகக் கொடுத்துவிட வேண்டும். இதனால் என்ன பலன் என்று மட்டும் விதி சொல்லவில்லை. இருப்பதையெல்லாம் இழக்கச் சொல்லிவிட்டு, எதற்காக என்பதைக் கோடு போட்டு விட்டது போல.

ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் அந்தக் கோட்டைச் ‘சொர்க்கம் வேண்டுபவன்’ என்று நிரப்புகிறது. ஏன் சொர்க்கம்? பிள்ளைப்பேறு, மழை, பசுக்கள் என்று வேறு பலன்கள் இல்லையா? மழை வேண்டாதவன் உண்டு, பிள்ளை வேண்டாதவனும் உண்டு. இன்பம் வேண்டாதவன் கிடையாது. சிறப்பான குறிப்பு எதுவும் கிடைக்காத இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக விருப்பமான ஒன்றை வைக்க வேண்டும் என்பது வாதம். உடனே அடுத்த வாதப் பகுதி (அதிகரணம்) இதற்கு ஒரு கடிவாளம் போடுகிறது. இராத்திரி சத்திரம் என்ற வேள்விக்கும் பலன் விதியில் இல்லை, ஆனால் அருகிலுள்ள புகழ்ச்சி வாக்கியம் ஒரு பலனைச் சொல்கிறது. அங்கே சொர்க்கத்தைக் கொண்டுவராதே, பக்கத்தில் கிடப்பதை எடுத்துக்கொள் என்கிறார்கள். முதலில் சுற்றுமுற்றும் பார், அங்கே கிடைக்காவிட்டால் மட்டும் பொதுவானதை வை. ஆங்கில ஆசிரியர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் உத்தியும் இதுதான்.

நிரப்பலாம் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் குமாரிலபட்டரின் வழியினரும் பிரபாகரரின் வழியினரும் பிரிந்தார்கள். இரு தரப்பும் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு மிக எளியது. வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் “கதவு!” என்று குரல் கொடுக்கிறார். கேட்டவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறார். ‘சாத்து’ என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது?

குமாரிலபட்டரின் வழியினரான பாட்டர்கள் சொன்னார்கள்: கேட்டவர் மனத்தில் ‘சாத்து’ என்ற சொல்லே வந்து சேர்கிறது. வாக்கியப் பொருள் என்பது சொற்களிலிருந்து பிறப்பது. சொல் இல்லாமல் வந்த பொருள் வேறு வழியில் வந்த அறிவாக இருக்கலாம், மொழியால் வந்த அறிவாகாது. இதற்குச் சொல்லை வருவித்தல், சப்த அத்யாஹாரம் என்று பெயர். பிரபாகரர் கட்சி மறுத்தது: சொல் எதற்கு? பொருளுக்காகத்தானே? சாத்த வேண்டும் என்ற பொருள் மனத்துக்கு எட்டிய பிறகு, அதே பொருளைப் பெறுவதற்காக ஒரு சொல்லைத் தேடிப் போவது வீண் சுமை. வருவது பொருள்தான், அர்த்த அத்யாஹாரம். அந்தப் பக்கம் நின்று இன்னொன்றும் கேட்கலாம். வந்தது ‘சாத்து’ என்ற சொல்லா, ‘மூடு’ என்ற சொல்லா, ‘அடை’ என்ற சொல்லா? கேட்டவரையே விசாரித்தாலும் அவருக்குத் தெரியாது. கதவு சாத்தியாகிவிட்டது, அவ்வளவுதான்.

பாட்டர்கள் விடவில்லை. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்று கேள்விப்படுகிறோம். இரவில் உண்கிறான் என்று உடனே முடிவு கட்டுகிறோம். இப்படிக் கேட்ட வாக்கியத்தின் குறையைத் தீர்க்கக் கேளாத ஒன்றைக் கொள்வது அருத்தாபத்தி. இங்கே நாம் கொள்வது ‘இரவில் உண்கிறான்’ என்ற வாக்கியத்தையே என்று குமாரிலர் வாதிட்டார். அருத்தாபத்தி தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலை 27ஆம் காதையில் சமயக்கணக்கர்களில் ஒருவர் அறியும் வழிகளான அளவைகளை அடுக்கும்போது அதுவும் வருகிறது. கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்றால் ஆற்று நீருக்குள் யாரும் வீடு கட்டவில்லை, கரையில் என்று கொள்ள வேண்டும் என்பது அங்கே காட்டும் எடுத்துக்காட்டு. ‘இன்’ வருமா, ‘ஆன்’ வருமா என்று பிரிபொசிஷன் வினாவில் தலையைச் சொறியும் மாணவர் நிற்பது அந்த ஆயர்குடிக்குப் பக்கத்தில்தான்.

தமிழ் இலக்கணம் விடுபட்டதைக் கண்டு ஒருபோதும் பதறியதில்லை. தொல்காப்பியம் எச்சங்களைப் பத்தாக வகுத்து, சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் என்று பெயர் கொடுத்து உட்கார வைத்தது. உரையாசிரியர்கள் வாக்கியம் பொருள் தருவதற்கு மூன்று நிபந்தனைகள் சொன்னார்கள்: அவாய்நிலை, தகுதி, அண்மைநிலை. ஒரு சொல் இன்னொன்றை எதிர்பார்த்து நிற்பது முதலாவது. வந்து சேரும் சொல் பொருளுக்குப் பொருந்துவது இரண்டாவது. தூர விலகிப் போகாமல் அருகில் இருப்பது மூன்றாவது. வடமொழி மரபின் ஆகாங்க்ஷை, யோக்யதை, சந்நிதி என்பவற்றுக்கு ஈடானவை இவை. கோடிட்ட இடத்தை நிரப்பும் வினா ஒன்றைத் தயாரிக்க உட்காருபவர், இந்த மூன்றையும் படித்திராவிட்டாலும் மூன்றையும் பயன்படுத்தாமல் தப்ப முடியாது.

தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பயிற்சியை வேறு பெயரில் ஆண்டுதோறும் செய்கிறார்கள். ‘இலக்கணக் குறிப்பு தருக’ என்ற வினாவில் ‘தேன்குடம்’ வந்தால், தேனை உடைய குடம் என்று விரித்து, ‘ஐ’ உருபும் ‘உடைய’ என்ற பயனும் மறைந்திருக்கின்றன, ஆகவே இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று எழுத வேண்டும். கோடு போடாத இடத்தில் விடுபட்டதைக் கண்டுபிடித்து நிரப்பும் வேலை இது. ஆங்கில வினாவைவிட ஒரு படி கடினம்.

நன்னூல் இன்னொரு படி மேலே போகிறது. ஒரு தொகை விரியும்போது இரண்டு முதல் ஏழு வரை பொருள் கொள்ள இடம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ‘தெய்வ வணக்கம்’ என்பதைத் தெய்வத்தை வணங்கும் வணக்கம் என்றும் விரிக்கலாம், தெய்வத்துக்குச் செய்யும் வணக்கம் என்றும் விரிக்கலாம். நான்கு விடைகளில் ஒன்றுக்கு மட்டும் டிக் போடச் சொல்லும் தேர்வுத்தாளுக்கு இந்தத் தாராளம் இல்லை.

எதிர்பார்ப்பு என்ற சொல்லில் கொஞ்சம் நின்று போக வேண்டும். எதிர்பார்த்தவருக்குத்தான் இல்லாதது கண்ணில் படும். இல்லாமையை எப்படி அறிகிறோம் என்பதற்குப் பாட்டர்கள் அனுபலப்தி என்று தனி அளவையே வைத்தார்கள். மேசையில் பானை இல்லை என்று தெரிவது எப்படி? இருந்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. தெரியத் தகுதியுள்ள ஒன்று தெரியாதபோதுதான் அது இல்லை என்று சொல்ல முடியும். இருட்டறையில் பானை தெரியாததால் பானை இல்லை என்று சொல்ல முடியாது.

“சன் ரைசஸ் இன் ஈஸ்ட்” என்று எழுதும் பிள்ளைக்கு அதில் எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றாது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. ஆங்கிலக் காதுக்கு மட்டும் இரண்டு இடத்தில் ஓட்டை: ‘த’ இல்லை, இன்னொரு ‘த’வும் இல்லை. தமிழில் ஆர்டிகிள் இல்லாததால் அதற்கான எதிர்பார்ப்பும் இல்லை. ஆசிரியர் கோடு போட்டுக் கொடுத்த பிறகே இங்கே ஏதோ இல்லையாம் என்று தெரிகிறது. பயிற்சிப் புத்தகம் செய்யும் பெரிய உதவி அந்தக் கோடுதான். பெரிய ஏமாற்றும் அதுவே, ஏனென்றால் நாளை ஒரு கடிதம் எழுத உட்காரும்போது யாரும் கோடு போட்டுத் தர மாட்டார்கள். கோடு இல்லாமலே உறுத்தல் வர வேண்டும். அந்த உறுத்தல் வந்த நாளில்தான் மொழி வந்தது.

அதோடு, கோடு இருந்தும் எதுவும் எழுதக் கூடாத இடங்களும் உண்டு. “வீ டிஸ்கஸ்ட் ____ த மேட்டர்” என்பதில் ‘அபௌட்’ போட இந்தியாவில் பாதிப் பேருக்குக் கை துறுதுறுக்கும். விடை: ஒன்றுமில்லை. “ஹீ கோஸ் டு ____ ஸ்கூல்” என்றால் மாணவருக்கு அங்கேயும் வெறுமைதான் விடை. வெறுமையையும் ஒரு விடையாகக் கணக்கில் வைக்கும் வழக்கம் இலக்கணத்தில் பழையது. பாணினி தோன்றாமையையே ‘லோபம்’ என்று இலக்கண உறுப்பாக்கினார். முழுவதும் மறைந்துபோகும் விகுதியைக்கூட ஒரு விகுதியாகச் சேர்த்து, அதன் விளைவுகளைக் கணக்கிட்டார். ஒன்றும் இல்லாததற்கும் ஒன்று விட்டுப்போனதற்கும் வேறுபாடு உண்டு என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது.

இந்த வேறுபாடு கொல்லிமலையின் பெரிய கோயிலையே தொடுகிறது. வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயில் தேவார வைப்புத்தலம். வேறு பதிகங்களுக்கு நடுவே பெயர் மட்டும் வரும், தலத்துக்கென்று தனிப் பதிகம் இன்று கிடையாது. மூவரில் யாரும் இங்கே பாடவே இல்லையா, அல்லது பாடியது அழிந்துபோனதா? முதலாவது என்றால் அங்கே கோடே இல்லை. இரண்டாவது என்றால் அது நிரப்பப்படாத கோடு. வெறும் இல்லாமையை வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

கேள்விக்கு இடம் கொடுப்பது மரபே. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. மன்னன் கலங்கினான். இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றதைச் செல் அரிக்கச் செய்தோம் என்று இறைவன் குரல் கேட்டதாம். அரிக்கப்பட்ட இடத்தை நிரப்பலாமா என்ற பேச்சே எழவில்லை. விடுபட்டதும் இறைவன் செயல் என்றால் அதை நிரப்பப் போவது அதிகப்பிரசங்கம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1910-களின் இறுதியில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில், எந்த ஏட்டிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று கிடைத்தது. சைவர்கள் அதைத் தள்ளவில்லை. ஏற்றுக்கொண்டு அச்சிட்டார்கள். யூகித்து நிரப்புவது வேறு, கண்டெடுத்துச் சேர்ப்பது வேறு என்பது போல நடந்துகொண்டார்கள்.

வைணவத்தில் கதை வேறு திசையில் போகிறது. நாதமுனிகள் நம்மாழ்வாரின் ஒரு பதிகத்தைச் சிலர் பாடக் கேட்டார். ஆயிரத்துள் இது ஒரு பத்து என்ற கணக்கு அதன் கடைசிப் பாட்டிலேயே இருந்தது. மீதி எங்கே என்று அவர் கேட்டதிலிருந்துதான் நாலாயிரமும் மீண்டு வந்தது என்பது குருபரம்பரைச் செய்தி. பாட்டே கோடு போட்டுக் காட்டியதால்தான் அவரால் இல்லாததைப் பார்க்க முடிந்தது. உரையின் விஷயத்தில் இன்னும் துணிந்தார்கள். பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு எழுதிய உரையின் பெரும்பகுதி அழிந்தபோது, மணவாள மாமுனிகள் (1370–1443) அந்தப் பகுதிக்குத் தாமே உரை எழுதினார். பழைய உரை எந்தச் சொல்லிலிருந்து எஞ்சி நின்றதோ, சரியாக அந்தச் சொல்வரை எழுதி நிறுத்தினார் என்று பெரியோர் வியந்து சொல்வார்கள். வியப்பு அவர் நிரப்பியதற்காக மட்டுமில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்ததற்காகவும்தான்.

உ.வே. சாமிநாதையரிடம் தேடிச் சேர்க்கும் வழி, வெற்றிடமாகவே விட்டுவைக்கும் வழி இரண்டையும் காணலாம். 1889இல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்காக உழைத்தபோது, குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் சில பெயர்கள் அவர் கையிலிருந்த ஏடுகளில் இல்லை. யாப்பு அறிந்தவர், பூக்கள் அறிந்தவர். சீர் ஒக்கும்படி சில பூப்பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தால் அன்று கண்டுபிடிக்க ஆளில்லை. அவர் தேடினார். தருமபுரம் மடத்து ஏட்டில் பெயர்கள் இருந்தன. 1894இல் புறநானூறு அச்சானபோது எல்லாம் அப்படிக் கிடைத்துவிடவில்லை. 267, 268 ஆகிய இரு பாட்டுகள் அடியோடு இல்லை, பிற்பகுதியில் பல பாட்டுகளில் சொற்கள் சிதைந்திருந்தன. சிதைந்த இடங்களில் புள்ளி வைத்துவிட்டார். வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணரும் கழைதின் யானையாரும் இடம்பெற்ற அதே நூலில், கொல்லிமலைத் தலைவன் பெயர் முழுதாக நிற்க, வேறு எத்தனையோ பேரின் புகழ் புள்ளிகளாக நிற்கிறது. தமிழ்ப் பதிப்புத் துறையின் நேர்மைக்கு அந்தப் புள்ளிகளைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

நிரப்பினால் நிரப்பியது தெரிய வேண்டும். இந்த ஒழுங்கை வெவ்வேறு சமய மரபுகள் தனித்தனியாகக் கண்டடைந்திருக்கின்றன. திருக்குறளுக்கு உரை சொல்லும் பரிமேலழகர், குறளில் இல்லாத சொல்லை வருவிக்கும்போது ‘இது அவாய்நிலையான் வந்தது’ என்று கையோடு எழுதிவைப்பார். மீமாம்சையும் அப்படித்தான். அக்கினிக்கான மந்திரத்தைச் சூரியனுக்கான வேள்வியில் சொல்ல நேர்ந்தால், பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஊஹம் என்று பெயர். சடங்கு செல்லும், ஆனால் அப்படி வைத்த சொல் மந்திரம் ஆகாது. வேலை செய்யும், வேதத்தில் சேராது.

1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் ஆங்கில பைபிளும் இதையே எழுத்துருவில் செய்தது. மூலத்தில் இல்லாமல், ஆங்கில வாக்கியம் நிற்பதற்காகச் சேர்த்த சொற்களைத் தடித்த எழுத்துக்கு நடுவே சிறிய வேறு எழுத்தில் அச்சிட்டார்கள். பிற்காலப் பதிப்புகளில் அது சாய்வெழுத்தானது. கர்த்தரை மேய்ப்பராகச் சொல்லும் 23ஆம் சங்கீதத்தின் முதல் வரியில் ‘இஸ்’ சாய்ந்து நிற்கும். எபிரெயத்துக்கு அந்த இடத்தில் வினைச்சொல் வேண்டாம், ‘அவர் ஆசிரியர்’ என்று சொல்லத் தமிழுக்கு வேண்டாதது போலவே. 1913 முதல் கொல்லிமலையில் தங்கி மருத்துவமும் பள்ளியும் நடத்திய ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதியரின் கையில் இருந்த ஆங்கில வேதம் இந்த வழியில் வந்ததாக இருந்திருக்கலாம். ‘ஹீ டீச்சர்’ என்று ‘இஸ்’ விட்டு எழுதும் மலைப் பிள்ளை தாவீதின் மொழிக்கு ஜேம்ஸ் மன்னரைவிட நெருக்கமானவர் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பார்களா தெரியாது.

பள்ளிக்கூடக் கோட்டின் சொந்த வரலாறு இவ்வளவு நீளம் இல்லை. 1897இல் ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பள்ளி நேரம் ஏற ஏறப் பிள்ளைகள் எவ்வளவு களைக்கிறார்கள் என்று அளக்க, அசையும் சொல்லும் நீக்கிய பத்திகளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். 1953இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் அதைக் ‘க்ளோஸ்’ என்ற பெயரில் ஒரு முறையாக்கினார். பத்தியில் ஐந்தாவது சொல், பத்தாவது சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிட வேண்டும். வாசகர் எத்தனையைச் சரியாக நிரப்புகிறார் என்பதே அந்தப் பத்தி எவ்வளவு எளிது என்பதற்கு அளவு. முதலில் பத்தியை அளக்க வந்த கருவி, பிறகு மாணவரை அளக்கத் தொடங்கியது.

டெய்லர் முன்னால் குமாரிலரும் பிரபாகரரும் வந்து நின்றார்கள், அவர் அறியாமல். நீக்கிய அதே சொல்லை எழுதினால்தான் மதிப்பெண்ணா? பொருந்துகிற வேறு சொல்லுக்கும் உண்டா? இன்றும் க்ளோஸ் தேர்வு வைப்பவர்கள் இரண்டு திருத்தும் முறைகளைப் பற்றிப் பேசுகிறார்கள்: அச்சொட்டான சொல் முறை, ஏற்கத்தக்க சொல் முறை. திருத்துபவருக்கு முதலாவது எளிது, வாதத்துக்கு இடமில்லை. டெய்லர் அந்தப் பக்கம் சாய்ந்தார். அவருடைய காரணம் நடைமுறை சார்ந்தது. ஒத்த சொற்களுக்கு மதிப்பெண் கொடுத்தாலும் பத்திகளின் தரவரிசை பெரிதாக மாறவில்லை. ஆனால் மதிப்பெண் விழாத பிள்ளைக்குத் தரவரிசை ஆறுதலாகாது.

2018இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரி இந்தப் பயிற்சியையே கல்வியாக எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 330 கோடி ஆங்கிலச் சொற்கள் கொண்ட நூல்களிலும் விக்கிப்பீடியாவிலும் நூற்றுக்குப் பதினைந்து சொல்லை மறைத்து, நிரப்பு என்று எந்திரத்துக்குக் கொடுத்தார்கள். தங்கள் கட்டுரையில் டெய்லரின் பெயரையும் குறித்தார்கள். எந்திரம் கோட்டில் ஒரு சொல்லை எழுதுவதில்லை. தனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லுக்கும் இவ்வளவு வாய்ப்பு என்று பங்கு போடுகிறது. ‘சாத்து’, ‘மூடு’, ‘அடை’ மூன்றுக்கும் அங்கே பங்குண்டு. ஆனால் அதைத் திருத்துகிற கணக்கு, மறைத்த அதே சொல்லைத்தான் சரி என்கிறது. உள்ளே கொஞ்சம் பிரபாகரர், வெளியே கண்டிப்பான பாட்டர். அதற்குப் பொருள் தெரியுமா என்பது இன்னும் முடியாத வழக்கு. சொல் வந்தால் பொருளும் வந்ததாகுமா என்ற பழைய கேள்விதான் அங்கே புதிய உடையில் நிற்கிறது.

எடப்புளி நாட்டுப் பிள்ளையின் பூஜ்யத்துக்கு என்ன தீர்ப்பு? ஆங்கிலப் பயிற்சியில் இரண்டு வகை வினாக்களை ஒரே கோட்டில் கட்டியிருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். ‘அஃப்ரெய்ட்’ பின்னால் வரும் ‘ஆஃப்’ தனக்கென்று ஒரு பொருளும் சுமக்கவில்லை. ‘உடைய’ என்ற பொருளைத் தேடினால் அங்கே கிடைக்காது. அந்த இடத்துக்கு ஆங்கிலம் ஆண்டாண்டாய்ப் பழகிய சொல் அது, அவ்வளவே. பொருளைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லுக்குப் போக வழியே இல்லை. கேட்டுப் பழகித்தான் போக வேண்டும். இங்கே பாட்டர்கள் சொல்வதே சரி: விட்டுப்போனது சொல், சொல்லைத்தான் வருவிக்க வேண்டும். மந்திரத்தை மாற்றாமல் சொல் என்பது போன்ற கண்டிப்பு இது. காரணம் கேட்டால் கிடைக்காது. ஆர்டிகிள், பிரிபொசிஷன், ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வரும்.

“த ஓல்ட் மேன் வாஸ் வெரி ____ ஆஃப்டர் த லாங் வாக்” என்பது வேறு வகை. ‘டயர்ட்’, ‘வீக்’, ‘தர்ஸ்ட்டி’, ‘ஹங்க்ரி’ எல்லாம் தகுதியோடு உட்காரும். நீண்ட நடைக்குப் பிறகு ‘ஹேப்பி’ என்று எழுதும் பிள்ளையையும் எளிதில் மறுக்க முடியாது. கொல்லிமலையில் நடந்து சந்தைக்குப் போய் மிளகை நல்ல விலைக்கு விற்றுத் திரும்பும் கிழவர் களைப்போடு மகிழ்ச்சியாகவும் இருப்பார். இங்கே விட்டுப்போனது பொருள். பொருள் பொருந்தினால் சொல் எதுவானாலும் ஆகும். பிரபாகரர் கட்சிக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டிய இடத்தில் விடைக்குறிப்பு குமாரிலரின் கோலோடு நிற்பதால்தான், சொல்வளம் கற்கும் வகுப்பு ஒரே ஒரு சொல்லை ஊகிக்கும் வகுப்பாகச் சுருங்கிப்போகிறது.

ஆகவே வகுப்பறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இலக்கண வினாக்களுக்குக் கோட்டை முதலில் காட்டாமல், முழு வாக்கியத்தைப் பலமுறை வாய்விட்டுப் படிக்கச் செய்து, அதன் பிறகு அழித்துக் கேட்கலாம். உறுத்தல் பிறந்த பிறகே கோடு. சொல்வள வினாக்களுக்கு விடைக்குறிப்பை மூடிவைத்து, வகுப்பு முழுவதும் கொடுக்கும் சொற்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதலாம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, இது பொருந்துமா, ஏன் பொருந்தாது, பக்கத்தில் உள்ள எந்தச் சொல் இதைத் தடுக்கிறது என்று வாதிடச் சொல்லலாம். விசுவஜித்துக்குச் சொர்க்கமா மழையா என்று வாதிட்டவர்கள் செய்ததும் அதுவே. அந்த வகுப்பில் ‘டு’ எழுதிய பிள்ளையும் எழுந்து தன் நியாயத்தைச் சொல்லலாம். ஆசிரியர் அதற்கு மதிப்பெண் கொடுக்கத் தேவையில்லை. தமிழில் அது சரி, ஆங்கிலத்தில் இந்த இடம் வேறு பழக்கத்துக்கு உரியது என்று சொன்னால், அவள் எந்த இடத்தில் தவறினாள் என்பதாவது அவளுக்குத் தெரியும். பொதுத்தேர்வில் அடுத்த முறை அதே வினா வந்தால் அவள் ‘ஆஃப்’ என்றே எழுதுவாள், நாய்க்குப் பயப்படுவதைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்பதையும் மறக்காமல்.